டெர்ரியின் சொத்தும் என் கீரை வடையும்

தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தவுடன் எழுந்து கேன்டீனுக்குப் போகிற பாவிகளில் நானும் ஒருவன். இதை வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கச்சேரியில் முக்கியமான பாட்டு முடிகிற இடத்தில் பாடகர் மிருதங்கக்காரரைப் பார்த்து மெல்லத் தலையசைப்பார். இனி கொஞ்ச நேரம் நீங்கள் மட்டும் வாசியுங்கள் என்று அர்த்தம். மயிலாப்பூரில் அந்தத் தலையசைப்பைத் தோசைக்கல் காய்ந்துவிட்டது என்கிற அறிவிப்பாக எடுத்துக்கொள்வோம். முன்னூறு கால்கள் ஒரே சமயத்தில் நாற்காலிக்கு அடியில் செருப்பைத் துழாவும். இதில் மிருதங்கத்துக்கு எந்த அவமரியாதையும் இல்லை. கொட்டாவி மாதிரிதான், ஒருவர் ஆரம்பித்தால் போதும்.

அப்படி ஒரு மாலையில் ஆரம்பித்து வைத்த அந்த ஒருவர் நான். கஷ்டம் என்னவென்றால், அன்று மேடையில் இருந்தது மிருதங்கம் இல்லை.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. கல்யாணமாகி ஒரு வருடம். தரமணியில் ஓர் இணையப் பத்திரிகையில் ஆறு மாதத் தகுதிகாண் பருவத்தில் இருந்தேன். (தகுதி இருக்கிறதா என்று அவர்கள் ஆறு மாதமாகக் காண முயன்றுகொண்டிருந்தார்கள்.) என் மாமனார் வங்கியிலிருந்து ஓய்வு பெற்று, மயிலாப்பூரில் ஒரு சின்ன சபாவின் செயலாளராக இருந்தார். என்னைப் பற்றி அவர் குறை சொன்னதே கிடையாது. யாருக்காவது அறிமுகப்படுத்தும்போது மட்டும், “நம்ம வித்யாவோட ஆத்துக்காரர்” என்று சொல்லிவிட்டு, ஒரு மூச்சு விட்டு, “எழுதறார்” என்பார். ரத்தக் கொதிப்பு இருக்கிறது என்று சொல்கிற அதே குரல்.

என் ஆசிரியருக்கு வயது இருபத்தாறு. பிரபலங்களைப் பற்றிய கட்டுரைகளுக்கு அவரிடம் ஓர் அச்சு இருந்தது: வாழ்க்கை, தொழில், சொத்து. எந்தப் பிரபலமாக இருந்தாலும் அதில் ஊற்றி எடுக்க வேண்டியதுதான்.

“பாஸ், முதல் ரெண்டு பார்ட் நானே படிக்க மாட்டேன்” என்றார். “மூணாவதுக்குத்தான் ஜனங்க வர்றாங்க. டெர்ரியோட சொத்து விவரம் கொண்டு வாங்க, அன்னிக்கே உங்க வேலையை கன்ஃபர்ம் பண்றேன். இல்லைன்னா…” என்று சொல்லி, மேஜை மேல் இருந்த காலண்டரைப் பார்த்தார். மாதக் கடைசிக்கு மூன்று வாரம் இருந்தது.

டெர்ரி யார் என்று இப்போது கேட்பவர்கள்தான் அதிகம். ஒரு காலத்தில் தோள் வரைக்கும் முடி, தோல் கோட்டு, எலெக்ட்ரிக் கிதார் என்று கல்கத்தா, பம்பாய் ஓட்டல்களைக் கதிகலங்க அடித்தவர். பிறகு வளைகுடா, பிறகு பயணிகள் கப்பல்கள். தொண்டை நரம்பு புடைக்க ஒரே சுரத்தில் அவர் நின்றபோது பம்பாயில் ஒரு பெண்மணி மூர்ச்சையாகிவிட்டார் என்பார். (அன்று ஏசி வேலை செய்யவில்லை என்பது அவருடைய டிரம்மரின் தரப்பு.) அவர் பிறந்தது மயிலாப்பூர் கிழக்கு மாட வீதியில், திருமலை என்கிற பெயரில். அறுபத்தெட்டு வயதில் ஊர் திரும்பி அடையாறில் குடியிருந்தார். கோவாவில் பங்களா, கப்பலில் பங்கு, கிதாருக்குத் தங்கக் கம்பி என்று அவரைப் பற்றிக் கதைகள் உலவின.

நான் போனபோது மூன்றாவது மாடியில் ஒரு சாதாரண ஃப்ளாட்டின் கதவைத் திறந்தார். மே மாத வெயிலில் தோல் கோட்டு. மின்விசிறி இரண்டாம் எண்ணில் சோம்பலாகச் சுற்றியது. நாங்கள் உட்கார்ந்ததும் எழுந்து போய் உள்ளறை விளக்கை அணைத்துவிட்டு வந்தார். பிறகு கூடத்து விளக்கையும் அணைத்தார். ‘இருளை நேசிக்கும் கலைஞன்’ என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். காபி அரை டம்ளர் வந்தது. ‘அளவில் அழகு காண்பவர்’ என்று எழுதிக்கொண்டேன். இப்படி எட்டுப் பக்கம் எழுதினேன். மனிதர்களைப் படிப்பதில் எனக்கு அந்த வயதில் அபாரமான நம்பிக்கை இருந்தது.

இரண்டு மணி நேரம் வாழ்க்கையையும் தொழிலையும் பேசி முடித்த பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்றாவதற்கு வந்தேன். அவர் சிரித்தார். பாதி ஆயுளை வாத்தியக்காரர்களோடும் மைக்செட்காரர்களோடும் கழித்ததில், மாட வீதிப் பேச்சு அவரிடமிருந்து முழுசாக உதிர்ந்துபோயிருந்தது.

“இன்னாப்பா, வாழ்க்கை கீழ்க்கைன்னு சுத்தி வந்து கடைசில நைசா சொத்துல கைய வெக்கிற.”

வேலை விஷயத்தைச் சொன்னேன். அவர் பத்தொன்பது வயதில் தனக்கு நடந்ததைச் சொன்னார். மயிலாப்பூரில் ஒரு சபாவில் கெஞ்சிக் கூத்தாடி அரை மணி நேரம் வாங்கியிருக்கிறார். இரண்டாவது பாட்டில் ஹால் காலி.

“மைக்செட்காரன் மட்டும் குந்திக்கினு இருந்தான். சரி, ஒருத்தனாவது ரசிக்கிறானேன்னு பாடிக்கினே இருந்தேன். மைக்க எடுத்துக்கினு போறதுக்கு வெயிட் பண்ணிக்கினு இருந்திருக்கான்.”

அந்த வாரமே ரயில் ஏறிவிட்டாராம். எந்த சபா என்று கேட்டேன். என் மாமனாருடைய சபா.

இதை நான் அவரிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அதே ஹால்ல ஒரு தபா நான் பாடணும். ஜனம் கடைசி வரைக்கும் குந்திக்கினு இருக்கணும். அத்த நீ பண்ணிக் குடு, என் சொத்து அம்மாம்பெரிசும் உன் மடில கொட்றேன். நடுவுல எழுந்து போனானுங்கன்னு வெய்யி, உனக்கு ஒரு நயா பைசா நியூஸ் கிடையாது.”

என் வேலை இப்போது மயிலாப்பூர் ரசிகர்களின் பொறுமையில் தொங்கியது.

மாமனாரிடம் போய் நின்றேன். மே மாதத்தில் சபா ஹாலுக்கு வௌவால்கள்கூட வருவதில்லை என்பதால் தேதிக்குப் பஞ்சமில்லை. அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

“தாளம் இருக்குமோ?”

“அதுதான் மாமா நிறைய இருக்கும்.”

“அப்போ நடத்தலாம்” என்றார். தாளம் என்பது அவருக்குக் கிட்டத்தட்ட ஒழுக்கம். சனிக்கிழமை மாலை ஆறு மணி என்று முடிவாயிற்று. அத்துடன் வாயை மூடிக்கொண்டு வந்திருக்க வேண்டும். கூட்டம் வர வேண்டுமே என்கிற கவலையில், மார்கழி சீசனில் வருகிற சமையல்காரரை வரவழைத்துக் கேன்டீனும் வைத்துவிடலாம் என்றேன். மாமனார் என்னை முதல் முறையாக மரியாதையுடன் பார்த்தார். ‘எழுதறார்’ என்பதற்கு முன்னால் வரும் அந்த மூச்சு இனிமேல் குறையும் என்று எனக்குத் தோன்றியது.

சனிக்கிழமை ஹால் நிறைந்துவிட்டது. சபாவின் ஆயுள் சந்தாதாரர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். வாசலில் கொடுத்த தாளில் மாமனார் வழக்கப்படி, ‘வாய்ப்பாட்டு: ஸ்ரீ டெர்ரி திருமலை. டிரம்ஸ்: ஸ்ரீ டெஸ்மண்ட், சாந்தோம்’ என்று அச்சடித்திருந்தார். டெஸ்மண்டுக்கு அறுபத்து நாலு வயது. டெர்ரியோடு கப்பல் கப்பலாகச் சுற்றியவர். இதயத்தில் ஒரு ஸ்டென்ட் இருந்தது.

முதல் பாட்டு வெடித்தபோது சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஆனால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது பாட்டில் தொடைகளில் தாளம் விழ ஆரம்பித்தது. மூன்றாவது வரிசையில் ஒரு மாமி நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்தவரிடம் இது நாட்டை ராகமா கம்பீர நாட்டையா என்று கவலையோடு விசாரித்தார். டெர்ரி நரம்பு புடைக்க அந்தப் பிரசித்தி பெற்ற சுரத்தில் போய் நின்றபோது ஹால் முழுவதும் “பேஷ்” என்றது. உலகம் முழுவதும் பாடியிருக்கிறார். தலைகளை இவ்வளவு நிதானமாக ஆட்டிய ஜனத்தை அவர் எங்கும் பார்த்திருக்க மாட்டார். அவர் முகம் பத்தொன்பது வயதுக்குப் போய்விட்டது. நானும் முன் வரிசையில் உட்கார்ந்து, நிரந்தர ஊழியனுக்குக் கிடைக்கும் மருத்துவக் காப்பீட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஏழே காலுக்கு டெர்ரி ஒரு பாட்டை முடித்தார். டெஸ்மண்டைப் பார்த்தார். மெல்லத் தலையசைத்தார்.

நான் எழுந்துவிட்டேன்.

யோசித்து எழவில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் ஓடிக்கொண்டிருந்தேன் என்பது ஒரு காரணம். இருபது வருடச் சீசன் பழக்கம் இன்னொரு காரணம். கால்கள் என்னைக் கலந்தாலோசிக்கவில்லை. முன் வரிசையில், செயலாளரின் மாப்பிள்ளையே எழுந்து நடப்பதைப் பார்த்து, அதுவரை புதுச் சங்கீதமாயிற்றே, எழலாமா கூடாதா என்று தயங்கிக்கொண்டிருந்த ஜனத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. இரண்டு நிமிடத்தில் ஹால் காலி.

இதில் யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. நம் கச்சேரியில் தனி நடக்கும்போது பாடகர் மேடையிலேயே உட்கார்ந்து தாளம் போடுவார். ராக் கச்சேரியில், டிரம்ஸ்காரர் தனியாக வாசிக்கும்போது பாடகர் உள்ளே போய்க் கோட்டை மாற்றிக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு வருவார். அவர் திரும்பி மேடையேறும் வரை டிரம்ஸ்காரர் நிறுத்தக் கூடாது. டெர்ரியும் அப்படித்தான் உள்ளே போனார். எங்கள் சபாவில் உடை மாற்றும் அறையின் பின் கதவைத் திறந்தால் கேன்டீன்.

நான் கீரை வடையை சாம்பாரில் தோய்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் கதவு திறந்தது. சிவப்பு நிறத்தில் இன்னொரு தோல் கோட்டு. டெர்ரி தன் ரசிகர் கூட்டம் முழுவதும் டோக்கனும் கையுமாக வரிசையில் நிற்பதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபம் வந்தால் அவருக்கு அப்பா வீட்டுப் பேச்சு திரும்பிவிடும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

“ஏண்டா, நான் அங்க தொண்டை கிழியக் கத்திண்டிருக்கேன், நீ இங்க வடை தின்னுண்டிருக்கியா?”

என் வாயில் பாதி வடை இருந்ததால் பதில் சொல்லும் நிலையில் இல்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற, விபூதி இட்ட பெரியவர் ஒருவர் எனக்காகப் பரிந்து பேசினார்.

“உங்க பாட்டுல ஒரு குத்தமும் இல்லை. தனி நடக்கறது, வந்திருக்கோம். முடிஞ்சதும் வந்துடப்போறோம். நீங்களும் ஒரு அடை சாப்பிடுங்கோ, நன்னா இருக்கு.”

“நான் மேடைக்குப் போனாத்தான் ஓய் அவன் நிறுத்துவான்.”

“பேஷா போங்கோ.”

“காலி நாற்காலிக்கெல்லாம் பாட மாட்டேன். ஜனம் உட்காரட்டும், போறேன்.”

“தனி முடியாம எப்படி உட்கார்றது?” என்றார் பெரியவர், நியாயமான வியப்புடன்.

டெர்ரி நெய் டின் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். “அன்னிக்கு ரெண்டாவது பாட்டு. இன்னிக்கு ஏழாவது. நாலு அஞ்சு தரம் உசந்திருக்கேன், அவ்வளவுதான்” என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு என் பக்கம் திரும்பினார். “சொத்தாவது மண்ணாவது. போடா.”

அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. தட்டோடு ஹாலுக்கு ஓடினேன்.

அங்கே நிலைமை வேறு மாதிரி மோசம். வழக்கமாக நாலு நிமிடம் வாசிக்கிற டெஸ்மண்ட் பதினெட்டாவது நிமிடத்தில் இருந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. எதிரே, அத்தனை பெரிய ஹாலில் ஒரே ஓர் ஆள், என் மாமனார். பாடகர் தாளம் போடாமல் உள்ளே போய்விட்டதை அவரால் தாங்க முடியவில்லை. ஒரு வித்வானை அநாதையாக விடலாமா என்று, தானே முன் வரிசையில் சம்மணம் போட்டு, கையை ஓங்கி ஓங்கித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் தாளம் போடப் போட, இந்த ஆள் விடமாட்டேன் என்கிறாரே என்று டெஸ்மண்ட் வாசித்தார். டெஸ்மண்ட் வாசிக்க வாசிக்க, மகா வித்வான் இன்னும் முடிக்கவில்லையே என்று மாமனார் தாளம் போட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டிருந்தார்கள், மிகுந்த மரியாதையுடன்.

மேடையின் ஓரத்தில் ஏறினேன். போதும், நிறுத்துங்கள் என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். ஐந்து விரல்களைப் பார்த்த டெஸ்மண்ட், இன்னும் ஐந்து நிமிடமா என்று என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, பற்களைக் கடித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினார். கிட்டப் போய்க் காதில் சொல்லிவிடலாம் என்று ஓர் அடி வைத்தேன். ஒயர் ஒன்று காலைப் பிடித்தது.

விழுந்தது எப்படி என்று எனக்கு வரிசையாக நினைவில்லை. முதலில் ஒரு பித்தளைச் சிம்பல், பிறகு அதன் தாங்கி, பிறகு இன்னொரு சிம்பல், கடைசியாகப் பெரிய டிரம்மின் மேல் நான். சாம்பார் கடைசிக்கும் கடைசியாக வந்தது. அந்தச் சத்தம் கபாலீஸ்வரர் குளம் வரை கேட்டிருக்கும்.

பிறகு முழு நிசப்தம். மாமனாரின் கை தொடையின் மேல், தாளத்தின் முதல் தட்டில், அப்படியே நின்றிருந்தது. அவர் கண்களில் நீர்.

“சரியா சமத்துல விழுந்திருக்கு” என்றார்.

டெஸ்மண்ட் என் கையைப் பிடித்துத் தூக்கினார். மூச்சு வாங்கியது.

“இன்னா சார் நீ. இத்த பத்து நிமிட் முன்னாடி வுழுந்திருக்கக் கூடாதா?”

கேன்டீனில் அந்தச் சத்தத்தைக் கேட்ட பெரியவர், தனி முடிந்தது என்று அறிவித்துவிட்டுக் கை கழுவியிருக்கிறார். தட்டுகள் கீழே வைக்கப்பட்டன. முன்னூறு பேரும் திரும்பி வந்து, அவரவர் நாற்காலியில் உட்கார்ந்து, டெஸ்மண்டுக்கு எழுந்து நின்று கை தட்டினார்கள். அவர் வாசித்ததில் ஒரு நிமிடம்கூட அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை என்பது அந்தக் கைதட்டலைக் கொஞ்சமும் குறைக்கவில்லை. டெர்ரி கதவோரம் நின்று எட்டிப் பார்த்தார். ஹால் நிறைந்திருந்தது. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மேடையேறினார். நான் சாம்பாரோடு கடைசி வரிசைக்குப் போனேன்.

அதற்குப் பிறகு நாலு பாட்டு. கடைசிப் பாட்டை முடித்துவிட்டு, குனிந்து வணங்கினார். ஜனம் உட்கார்ந்தே இருந்தது. இன்னும் கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று இன்னொன்று பாடினார். அசையவில்லை. இன்னொன்று. ஒரு தலைகூட எழவில்லை. ஐம்பது வருட பாக்கி தீர்ந்த முகத்தோடு மூன்றாவதையும் பாடினார். மணி ஒன்பதரை. மாமனார் பொறுக்க முடியாமல் மேடையருகே போனார்.

“எல்லாரும் ஆத்துக்குப் போகணும். சீக்கிரம் மங்களத்தைப் பாடிடுங்கோ” என்றார். மங்களம் பாடாமல் எழுந்து போவது மயிலாப்பூரில் வழக்கமில்லை என்பது டெர்ரிக்கு மறந்தே போயிருந்தது. ஒரு நிமிடம் திகைத்தார். பிறகு சின்ன வயதில் அம்மா சொல்லிக்கொடுத்ததை, எலெக்ட்ரிக் கிதாரில் மெல்ல மீட்டிக்கொண்டு பாடினார். அடுத்த கணம் அத்தனை பேரும் எழுந்தார்கள். கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள், அதற்கு மேலேயும்.

திங்கட்கிழமை அடையாறுக்குப் போனேன். டெர்ரி கதவைச் சாத்தி, ஜன்னலையும் சாத்திவிட்டு, ஒரு பெரிய பிஸ்கட் டின்னை என் மடியில் வைத்தார். கோவா பங்களாவின் பத்திரம் என்று நினைத்துத் திறந்தேன். உள்ளே தபால் ஆபீஸ் சேமிப்புப் பத்திரங்கள். ஐந்து வங்கிகளில் வைப்புத்தொகை ரசீதுகள், முதிர்வுத் தேதி வாரியாக, ரப்பர் பேண்ட் போட்டு. ஆயுள் காப்பீட்டுக் கடுதாசிகள். இந்த ஃப்ளாட்டின் கடன் அடைந்ததற்கான சான்றிதழ், பிளாஸ்டிக் உறையில். கப்பலில் பாடிய காலத்தில் மாதா மாதம் சம்பளத்தில் பாதியை அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறார். அவள் அதைத் தொடாமல் தபால் ஆபீஸில் போட்டிருக்கிறாள். பிறகு அந்தப் பழக்கம் அவருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

“ஐம்பது வருஷம் கஷ்டப்பட்டு ராக்கர்னு ஒரு பேர் எடுத்திருக்கேன்பா” என்றார் தாழ்ந்த குரலில். “இது வெளில தெரிஞ்சா மானம் பூடும்.”

அப்போதுதான் அந்த அரை டம்ளர் காபியும், இரண்டாம் எண் மின்விசிறியும், அணைந்த விளக்குகளும் எனக்குப் புரிந்தன. எட்டுப் பக்கக் குறிப்பை மனசுக்குள் கிழித்துப் போட்டேன். நீங்கள் வேண்டாம் என்றால் எழுதவில்லை என்றேன். சொல்லும்போதே காலண்டர் கண் முன்னால் வந்தது. இருந்தாலும் அன்று கேன்டீனில் நெய் டின் மேல் உட்கார்ந்திருந்த முகமும் வந்தது. அவர் ரொம்ப நேரம் கிதாரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எழுதிக்க. வாக்கு குட்த்தாச்சு. கோட்டைப் பத்தி மட்டும் நாலு வரி சேத்து எழுது.”

கோட்டைப் பற்றிப் பதினாறு வரி எழுதினேன். அதை யாரும் படிக்கவில்லை. சொத்துப் பகுதியை மயிலாப்பூரும் தி. நகரும் அச்செடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டன. டெர்ரியின் மானம் போகவில்லை. எந்தத் திட்டத்தில் போடலாம் என்று ஆலோசனை கேட்டு ஓய்வு பெற்றவர்கள் அடையாறு மாடிப்படி ஏற ஆரம்பித்தார்கள். “பாட்டு கொஞ்சம் சத்தம்தான், ஆனா மனுஷன் யோக்கியன்” என்றார் மாமனார். என் வேலை உறுதியாயிற்று. (அடுத்த வருடம் அந்தப் பத்திரிகையே உறுதியில்லாமல் போனது வேறு விஷயம்.) என்னை அறிமுகப்படுத்தும்போது அவர் இப்போது மூச்சு விடுவதில்லை. “எங்க மாப்பிள்ளை. டிரம்ஸ்ல தனி முடிச்சவர்” என்கிறார். எழுதுவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

டெர்ரி இப்போதும் வருடா வருடம் மே மாதத்தில் அந்த ஹாலில் பாடுகிறார். டெஸ்மண்டும் வருகிறார், மேடையேறுவதற்கு முன்னால் நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று பார்த்துக்கொள்கிறார். அழைப்பிதழின் அடியில் தடித்த எழுத்தில் ஒரு வரி இருக்கும். மாமனாரே எழுதியது. வித்யா அதைக் கத்தரித்துக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டிவைக்கிறாள், வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்ல வசதியாக.

‘டிரம்ஸ் தனியின்போது கேன்டீன் மூடப்பட்டிருக்கும். மாப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.’

நான் இதுவரை ஏழு புத்தகங்கள் எழுதியிருக்கிறேன். எதுவும் இரண்டாம் பதிப்பைத் தாண்டியதில்லை. என்னைப் பற்றிய இந்த ஒரு வரி பதினான்காவது பதிப்பில் இருக்கிறது.